தீப்பெட்டி வைத்துப் பார்த்த வீடு

அந்த யோசனை எனக்குள் விழுந்த இடம் மரக்காணத்தில் ஒரு வீட்டு வாசல். சித்திரை மாதம். காலை பத்து மணி இருக்கும். உப்பளக்காரர் தணிகாசலத்தின் பழைய வால்வு ரேடியோவைச் சரிசெய்து முடித்துவிட்டு, கையைத் துடைத்தபடியே வெளியே வந்தேன்.

வாசலில் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு ரேடியோ.

ஒருவர் துண்டில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தார். ஓர் அம்மாள் சோற்றுப் பானைக்குள் வைத்து, மேலே தட்டுப் போட்டு மூடிக் கொண்டுவந்திருந்தாள். ஒன்று மீன் கூடையில் வந்திருந்தது. அதன் ஸ்பீக்கர் துணியில் இரண்டு செதில் ஒட்டியிருந்தது. உள்ளே ரேடியோ கரகரத்துவிட்டுப் பாடத் தொடங்கியது தெருமுனை வரை கேட்டிருக்கிறது. அது போதுமானதாக இருந்தது.

"மெட்ராஸ்லருந்து மெக்கானிக் வந்திருக்காராமே, நீங்கதானா?" என்றார் துண்டுக்காரர். குரலில் கொஞ்சம் ஏமாற்றம். என் மீசை அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது.

ஒவ்வொன்றாகப் பின்மூடியைக் கழற்றினேன். எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி. பேட்டரி முனைகளில் பச்சைக் களிம்பு, கம்பிகளின் மேல் வெள்ளையாய்ப் பூத்த உப்பு. சுரண்டித் துடைத்ததும் எட்டு பேசின. மூன்று பேசவில்லை. எட்டு வீட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் சத்தத்தைக் கூட்டினார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே நின்றுகொண்டு நினைத்தேன்: இங்கேயே வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன?

நாலே வார்த்தை. அவற்றைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாதம் அலைந்தேன்.

நடுவில் இருந்த கேள்வி

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் புரட்டுகிறவர்களுக்காக: நான் பௌதிகத்தில் பட்டம் வாங்கிவிட்டு, சென்னையில் ஒரு சந்துக்குள் இருக்கும் கடையில் ரேடியோ பழுதுபார்ப்பவன். கடை என்னுடையதல்ல. எனக்கு அங்கே சொந்தமானது ஒரு முக்காலியும் அதன்மேல் ஒரு பழைய தலையணையும்தான்.

என் மனைவி விமலா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பரீட்சை எழுதி வாங்கிய நிரந்தர வேலை. மரக்காணத்துக்குக் குடிபோனால் அது போய்விடும். திண்டிவனத்துக்கு மாற்றல் கேட்கலாம். கிடைக்குமா, எப்போது கிடைக்கும் என்று கேட்டால் மேலே கையைக் காட்டுவார்கள். ஆக, எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த கேள்வி கடலோ உப்போ அல்ல. அவளுடைய நாற்காலி.

அன்று மாலை செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"பதினோரு ரேடியோ, விமலா! ஒரே காலையில!"

"சரி."

"வருஷம் பூரா உப்புக் காத்து. ரிப்பேர் நிக்கவே நிக்காது."

"அப்ப நீங்க பண்ற ரிப்பேரும் நிக்காதுன்னு சொல்லுங்க."

அவள் கழுநீரைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தேனீ வளர்க்கறேன்னீங்க. பக்கத்து வீட்டம்மா மூஞ்சி வீங்கி ஒரு வாரம் வெளியே வரல. போட்டோ கழுவறேன்னீங்க. மூணு மாசம் நான் இருட்டுல குளிச்சேன். இப்ப உப்பளமா? எதுக்கும் இன்னொரு வாட்டி போய்ப் பாத்துட்டு வாங்க."

அவள் சொன்னது ஆறப்போடுவதற்காக. நான் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

திண்டிவனத்தில் இறங்கி

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மறுபடி போனேன். வைகாசியில் இரண்டு தடவை, ஆனியில் ஒரு தடவை. சனிக்கிழமை மத்தியானம் கடையிலிருந்து கிளம்பினால் திண்டிவனத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு நின்று, மரக்காணம் சேரும்போது பல்லுக்கு நடுவே மண் நறநறக்கும். திரும்பும்போது மண்ணோடு உப்பும் சேரும். திங்கட்கிழமை முக்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு இன்னும் பஸ்ஸில் இருப்பது போலவே ஆடிக்கொண்டிருக்கும்.

ஒரு நோட்டு வைத்திருந்தேன். இடதுபக்கம் 'போகலாம்', வலதுபக்கம் 'வேண்டாம்'. இடதுபக்கம் முதல் தடவையிலேயே நிரம்பிவிட்டது. வலதுபக்கம் மெல்ல மெல்ல ஏறியது. மின்சாரம் நினைத்தால் வரும். குடிக்கிற தண்ணீருக்கு மணல்மேட்டு ஊற்றுவரை குடத்தோடு நடக்க வேண்டும். வெயிலில் உப்புப் பாத்திகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வந்தால் கொஞ்ச நேரம் கண்ணுக்குள் பச்சையாய் ஏதோ மிதக்கும்.

தணிகாசலம் கால்வாய்க்கரையில் பூட்டிக் கிடந்த தன் செங்கல் வீட்டைத் தருவதாகச் சொன்னார். வாடகைப் பேச்சையே எடுக்கவில்லை. அவருக்கு வேண்டியது கூப்பிடு தூரத்தில் ஒரு மெக்கானிக்.

"இடையஞ்சாவடிப் பக்கம் போய்ப் பாரு தம்பி. எங்கேருந்தோ வெள்ளக்காரன் வந்து செம்மண்ணுல குடிசை போட்டுக்கினு மரம் நடறான். நீ தோ இருக்கற மெட்ராஸ்லருந்து வரதுக்கு நோட்டு போட்டு யோசிக்கற!"

வீடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு அறை, கால்வாயைப் பார்த்து ஒரு ஜன்னல். சுவரின் அடிப்பாகம் முழுக்க வெள்ளை வெள்ளையாய்ப் பூப்போட்டது போல ஒரு வேலைப்பாடு. அதைக்கூட நோட்டில் இடதுபக்கம் எழுதிவைத்தேன்.

முடிவு எடுப்பதில் களைப்பு கிடையாது. எடுக்காமல் வைத்துக்கொண்டு சுமப்பதில்தான் களைப்பு. ஆனி முடிவதற்குள் அந்த ஊரின் பெயரை நான் உச்சரித்தாலே விமலா கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். சொல்வதற்கு எனக்கும் அலுப்பாக இருந்தது. இருந்தும் சொன்னேன்.

ஏழுமலையின் ரேடியோ

மீன் கூடையில் ரேடியோ கொண்டுவந்தவன் பெயர் ஏழுமலை. கடலோரக் குப்பத்துக்காரன், என் வயதுதான் இருக்கும். அவன் கூரை ஓரத்தில் தொங்கிய அந்த டிரான்சிஸ்டர் ஒன்றுதான் குப்பத்தில் அப்போது ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தது. காற்று எச்சரிக்கை சொல்லும் நேரத்துக்கு நாலைந்து பேர் அதன் கீழே வந்து நிற்பார்கள். பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம் பேர்.

அவன் எதையும் நல்ல தண்ணீரில் அலசிவைக்கிற பழக்கமுள்ளவன். கடலிலிருந்து வந்ததும் கத்தி, தூண்டில் முள், இடுப்புக் கொக்கி எல்லாவற்றையும் ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் முக்கி எடுப்பான். குடிக்கவே அளந்து வைக்கிற தண்ணீர் அது. ஒருமுறை ரேடியோவே அலையில் நனைந்து, அதையும் அப்படித்தான் அலசித் தவிட்டுக்குள் புதைத்துக் காயவைத்தானாம்.

நான் சிரித்தேன். "தண்ணியில விழுந்ததுக்கு மறுபடியும் தண்ணியா? இனிமே நனைஞ்சா எதுவும் பண்ணாத. துணியில சுத்தி அப்படியே வை. நான் வந்து பாத்துக்கறேன்."

"சரிங்க" என்றான்.

ஆடியில் நான் போனபோது துணி மூட்டையை எடுத்துவந்து முன்னால் வைத்தான். போன தடவை நான் சென்னைக்குத் திரும்பிய மறுநாளே அது படகடியில் விழுந்து நனைந்திருக்கிறது. அவன் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகவில்லை. நான் சொன்னபடி சுற்றி வைத்துவிட்டான். மூன்று வாரம்.

திறந்தேன். கடல்நீர் காய்ந்து, உப்பு தங்கி, உள்ளேயிருந்த மெல்லிய செம்புக் கம்பிச் சுருளை அரித்து முடித்திருந்தது. விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. அதற்கு முந்தைய தடவை தவிட்டில் கிடந்து பிழைத்த அதே சுருள்தான்.

உப்பு காய்வதற்குள் நல்ல தண்ணீரில் கரைத்து வெளியேற்றிவிட வேண்டும். கல்லூரியில் இதற்கு ஒரு பாடமே நடத்தினார்கள். நான் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். எனக்கு நினைவுக்கு வராதது அவன் கைக்குப் பழக்கமாக இருந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தைத்தான் நான் சிரித்து நிறுத்தினேன்.

"போன வாரம் காத்து எடுத்துச்சு. ரேடியோல முன்னாடியே சொன்னாங்களாம். நமக்குத் தெரியல. ரெண்டு கட்டுமரம் உள்ள போயிடுச்சு" என்றான் ஏழுமலை.

"அப்புறம்?"

"மறுநாள் வடக்கே ஒதுங்கி வந்துட்டாங்க. ஆளுக்கு ஒண்ணும் ஆவல. வலதான் போச்சு."

அவன் திட்டியிருந்தால் பரவாயில்லை. முட்டியில் கையை ஊன்றி உட்கார்ந்துகொண்டு, உதிர்ந்த கம்பித்தூளை விரலால் ஓரமாகத் தள்ளினான்.

"உன்ன சொல்லி இன்னா பண்றது. நீ படிச்சவன், சொன்ன. நான் கேட்டேன். நீ இங்க இருந்திருந்தா அன்னைக்கே தூக்கினு வந்திருப்பேன், நீயே உன் தப்ப பாத்திருப்ப." மூட்டையை மறுபடி கட்டிக்கொண்டே சொன்னான்: "ஏம்பா, வரதா இருந்தா வந்து இரு. இல்லாங்காட்டி வராத. நடுவுல வந்து வந்து போவாத."

அன்று பஸ்ஸில் அந்தத் துணி மூட்டை என் மடியில் இருந்தது. நோட்டைத் திறக்கவில்லை.

விமலா கிளம்பினாள்

வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், படுத்தேன், மறுநாள் கடைக்குப் போனேன். மூன்று நாள் மரக்காணம் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. நாலாம் நாள் விமலாவே கேட்டாள்.

"என்னாச்சு? ஊரு கடலுக்குள்ள போயிடுச்சா?"

சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். ஆபரேட்டர்களுக்கு அது கைவந்த கலை.

"வலை யாருது?"

"தெரியல. கேக்கல."

"அதக்கூடக் கேக்காம வந்துட்டீங்களா?" என்றவள் எழுந்து விளக்குத் திரியைத் தட்டினாள். "அடுத்த வாட்டி நானும் வரேன். எனக்கு ஊரு வேணாம். வீட்ட மட்டும் பாக்கணும்."

ஆவணியில் போனோம். அன்று வெயில் இல்லை. வானம் ஈரத்துணி போலத் தொங்கியது. பாத்திகளில் பெண்கள் கூடைகளில் உப்பைச் சுமந்து மேட்டில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டு உப்பு அம்பாரத்துக்கு ஓலை மூடச் சொல்லப் போய்விட்டார்.

நான் ஜன்னலைத் திறந்து கால்வாயைக் காட்டினேன். சுவரில் இருந்த வெள்ளைப் பூவைக் காட்டினேன். வாசலில் கூடையை இறக்கிவைத்து நின்ற ஒரு பெண் பொத்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் பெயரை இங்கே அஞ்சலை என்று எழுதுகிறேன். அவள் தணிகாசலத்தின் அளத்தில்தான் வேலை செய்கிறாள். உண்மைப் பெயரைப் போட்டால் அவளுக்கு ஆகாது.

"ஏம்மா, உன் வூட்டுக்காரரு வூட்ட பாக்க வந்தாரா, காத்த பாக்க வந்தாரா?" என்று விமலாவிடம் கேட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை. "அது பூவு இல்ல. உப்பு. இந்த வூடு கட்டும்போது நல்ல தண்ணிக்கு நடக்க முடியாதுன்னு கால்வாத் தண்ணியவே மொண்டு ஊத்துனோம். நாந்தான் ஊத்துனேன். மழ வந்தா செவுரு வேர்த்துக் கொட்டும்."

விமலா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "இப்ப காஞ்சுதானே இருக்கு?"

"பகல்ல எல்லாம் காஞ்சுதான் இருக்கும். தீப்பெட்டி வெச்சுப் பாரு. நாங்க எந்த வூட்டுக்குப் போறதா இருந்தாலும் மொத நாளு ஒரு தீப்பெட்டிய நடுவூட்டுல தரையில வெச்சுட்டு வந்துடுவோம். காலைல குச்சி பத்திச்சுன்னா பால் காய்ச்சுவோம். இல்லன்னா அந்தப் பக்கமே போவ மாட்டோம்." கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே சேர்த்தாள்: "நான் சொன்னேன்னு சொல்லிடாத, தாயே."

விமலா கைப்பையிலிருந்து புதுத் தீப்பெட்டி ஒன்றை எடுத்து நடுவீட்டில் வைத்தாள். பையில் தீப்பெட்டி வைத்துக்கொண்டுதான் எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறாளா என்று கேட்டேன். "மின்சாரம் நினைச்சா வரும்னு நோட்டுல நீங்கதானே எழுதியிருந்தீங்க" என்றாள். நோட்டை எப்போது படித்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஏழு குச்சி

அன்று தணிகாசலம் வீட்டில் தங்கினோம். விடிவதற்கு முன் ஒரு மழை தூறிவிட்டுப் போனது. தீப்பெட்டியை மறந்து வந்துவிட்டதாக விமலா சொன்னபோது, "அட, புதுசா ஒண்ணு வாங்கிக்கலாமேம்மா, அதுக்கா இவ்வளோ தூரம் போற?" என்று அவர் அங்கலாய்த்தார்.

கதவைத் திறந்ததும் வாசனையே வேறாக இருந்தது. ஈரக்கோணி வாசனை. சுவரின் வெள்ளைப் பூக்கள் கறுத்து, நீர் கோத்திருந்தன.

விமலா குச்சியை உரசினாள். மருந்து சிவப்புப் பசையாய்ப் பெட்டியின் பக்கத்தில் இழுபட்டது. இரண்டாவது குச்சி. மூன்றாவது. ஏழுவரை பார்த்தாள். ஏழாவதில் குச்சியே வளைந்துவிட்டது.

எனக்கு வருத்தம் வந்ததா என்று இப்போது கேட்டால், வெட்கத்தோடுதான் சொல்ல வேண்டும்: நிம்மதியாக இருந்தது. யாரோ என் தலையிலிருந்து மூட்டையை இறக்கியது போல. வேண்டாம் என்று ஒரு வீடே சொல்லிவிட்டது. இனி ஏழுமலையிடம் போய், வர முடியவில்லை என்று சொல்லிவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

"போலாமா?" என்றேன்.

விமலா என்னைப் பார்க்கவில்லை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அஞ்சலையைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"உங்க வீட்ல தீப்பெட்டி எங்க வைப்பீங்க?"

அஞ்சலையின் வீடு மண் சுவர், பனையோலைக் கூரை. உள்ளே அடுப்புக்கு நேர் மேலே, மூங்கிலை வரிந்து கட்டிய ஒரு சின்னப் பரண். அதன்மேல் தீப்பெட்டி, மிளகாய், விதைக் கேழ்வரகு, ரேஷன் கார்டு, ஒரு பட்டுப்புடவை. அந்த வீட்டில் கெட்டுப்போகக்கூடாத எல்லாமே அங்கேதான் இருந்தன. எல்லாமே புகையில் பழுத்து, தேன் நிறத்தில்.

அஞ்சலை எம்பித் தீப்பெட்டியை எடுத்தாள். முதல் உரசலிலேயே சுடர் வந்தது.

"புடவை கறுத்துடுதே?" என்றாள் விமலா.

"கறுக்கட்டுமே. பொகை அழுக்குதான் பண்ணும், தின்னாது. உப்பு தின்னுடும்."

குச்சி விரல் நுனிவரை எரிந்தது. விமலா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ரேடியோவை எல்லாம் இப்படி மேல வச்சா?"

பேசினால் பழைய ஆள் திரும்பிவிடுவான் என்று பயமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"அஞ்சலை, பெரிய அடுப்பா இருக்கற வீடு எதுனா காலியா இருக்கா? ஒரு மாசத்துக்கு."

"ஒரு மாசமா? எப்போ?"

"இங்க ரொம்ப மோசமான மாசம் எது?"

"ஐப்பசிதான். அளமே தண்ணியில கிடக்கும். பாம்பு வூட்டுக்குள்ள வரும்" என்றாள் அஞ்சலை, ஏதோ திருவிழாவைச் சொல்வது போல.

"அப்ப ஐப்பசி."

மாடியில் ஓர் அடுப்பு

திரும்பும் பஸ்ஸில் விமலா பேசினாள். வேலையை விடமாட்டாள். ஒரு மாத லீவு மட்டும். சித்திரையில் பார்த்து ஊரை முடிவு செய்வது, பெண் பார்க்கப் போன அன்று மட்டும் பார்த்துக் கல்யாணம் செய்வது மாதிரியாம். ஐப்பசி கடைசியில் பரண்மேல் இருக்கிற ரேடியோ பேசினால், அவள் திண்டிவனத்துக்கு மாற்றல் கேட்டு எழுதுவாள். பேசாவிட்டால் இந்தப் பேச்சை நான் ஆயுசுக்கும் எடுக்கக்கூடாது. குப்பத்தில் போய் அந்த இரண்டு வலைக்காரர்களை முகத்துக்கு நேராகப் பார்க்க வேண்டும்; அது பேசினாலும் பேசாவிட்டாலும்.

"சரி" என்றேன்.

"நீங்க சரின்னு மட்டும் சொல்றது இதான் முதல் வாட்டி" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். திண்டிவனம் வரை என் இடதுகை மரத்துப்போயிருந்தது. எடுக்கவில்லை.

லீவு கிடைத்துவிட்டது. அஞ்சலை தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு கூரைவீடு சொல்லி வைத்திருக்கிறாள். ஏழுமலையின் ரேடியோவுக்குப் புதுச் சுருள் நானே சுற்றினேன். தலைமுடியைவிட மெல்லிய கம்பி, மூன்று முறை அறுந்து நாலாவது முறை நின்றது.

இதை எழுதும்போது என் கண் எரிகிறது. ஸ்டவ்வைத் தவிர வேறெதையும் பற்றவைத்து அறியாதவன் நான். மொட்டைமாடியில் மூன்று செங்கல் வைத்து, சவுக்கு மிலாறு போட்டு அடுப்பு மூட்டப் பழகிக்கொண்டிருக்கிறேன். தேனீ காலத்திலிருந்தே என்மேல் கண் வைத்திருக்கும் பக்கத்து வீட்டம்மா நேற்று எட்டிப்பார்த்து, "இப்ப என்னாப்பா எரிக்கற?" என்றாள்.

அடுப்புக்கு மேலே மூங்கில் கட்டி, ஏழுமலையின் ரேடியோவை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு காலையும் ஒரு கை உப்புத் தண்ணீரை அதன்மேல் தெளிக்கிறேன். உடனே ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் அலசுகிறேன், அவன் செய்தது போலவே. பிறகு பரணில் ஏற்றிவிடுகிறேன்.

இன்றோடு ஒன்பது நாள். ரேடியோ கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. பேசுகிறது.